கைப்பேசிக்கு வீட்டிலேயே ஒரு கேம் கன்ட்ரோலர் உறை

கைப்பேசியில் விளையாடும்போது எனக்கு உள்ள மனக்குறை ஒன்றுதான்: விளையாட்டு நடக்கும் திரையின் மீதே கட்டைவிரல்களையும் வைத்தாக வேண்டும். எதிரி வரும் மூலையை விரல் மறைத்துவிடுகிறது. பொத்தான் எங்கே இருக்கிறது என்பது தொட்டுணர்ந்து தெரியாததால் கண்ணும் அடிக்கடி அங்கே ஓடுகிறது. 2003இல் வந்த நோக்கியா என்-கேஜும் 2011இல் வந்த சோனி எரிக்சன் எக்ஸ்பீரியா ப்ளேயும் இதற்காகவே பொத்தான்களுடன் வெளியாயின. இரண்டும் சந்தையில் நிலைக்கவில்லை. கடையில் விற்கும் கன்ட்ரோலர்கள் நன்றாகவே இருக்கின்றன என்றாலும், என் உள்ளங்கைக்கு அளவெடுத்த ஒன்று வேண்டும் என்ற ஆசையில், கைப்பேசியை நடுவில் செருகிக்கொள்ளும் ஓர் உறையை நானே செய்தேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கம்பியா ப்ளூடூத்தா என்பது. ப்ளூடூத் வசதியை உள்ளேயே கொண்ட ஈஎஸ்பி32 என்ற சில்லில் ப்ளூடூத் கன்ட்ரோலர் செய்வது எளிது. கைப்பேசியின் சார்ஜிங் துளையும் காலியாக இருக்கும். ஆனால் அதற்கெனத் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வைக்க வேண்டும். விளையாடும்போது சூடாகும் கைப்பேசியின் முதுகோடு ஒட்டி, கையால் செய்த ஒரு பெட்டிக்குள் அப்படியொரு பேட்டரியை அடைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கம்பி வழியைத் தேர்ந்தேன். அட்மெகா32யூ4 சில்லு பொருத்திய, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய ப்ரோ மைக்ரோ என்ற சிறு மின்னணுப் பலகை, கணினிக்கும் கைப்பேசிக்கும் தன்னை ஒரு யூஎஸ்பி கேம்பேடாகவே காட்டிக்கொள்ளும். மின்சாரத்தையும் கைப்பேசியிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். விளையாடிக்கொண்டே சார்ஜ் போட முடியாது என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

பலகை வாங்கும்போது கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யூஎஸ்பி சி-வகைத் துளை கொண்ட மலிவான பலகைகள் பலவற்றில், துளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருப்பதில்லை. அவை இல்லாவிட்டால், இருமுனையும் சி-வகையான கம்பியில் இணைக்கும்போது கைப்பேசி மின்சாரமே தராது. கைப்பேசியில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் சாதாரண ஓடிஜி அடாப்டர் வழியாக இணைத்தால் அதே பலகை உயிர்பெறும். பலகை பழுது என்று குப்பையில் போடுவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இணைப்புகளில் பெரிய சிக்கல் இல்லை. நான்கு திசைகள், நான்கு செயல் பொத்தான்கள், தோள்பட்டைப் பொத்தான்கள் இரண்டு, ஸ்டார்ட், செலக்ட் எனப் பன்னிரண்டு. இரண்டு ஜாய்ஸ்டிக்குகளுக்கும் தலா இரண்டாகச் சேர்த்து நான்கு. ஆக 16 இணைப்புகள், பலகையிலோ கம்பி இணைக்க 18 கால்கள். பொத்தான்களுக்கு, அவை அழுந்தாதபோது இணைப்பை நிலையான மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் புல்-அப் மின்தடை சில்லுக்குள்ளேயே இருக்கிறது, அதுவே போதும். ஜாய்ஸ்டிக் தரும் எண் 0 முதல் 1023 வரை போகும். விரலை எடுத்த பின்னும் அது நடுவில் அப்படியே நிற்காமல் சற்று ஆடும் என்பதால், நடுப்பகுதியைச் சுற்றிய சிறு விலகலைப் பொருட்படுத்தாதபடி நிரலில் எழுதிவிட வேண்டும்.

உண்மையான வேலை உடல் பகுதியில்தான் இருக்கிறது. விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு என்னும் இலேசான பலகையைக் கத்தியால் வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து வடிவம் கொடுத்தேன். 3டி அச்சு அழகாக இருக்கும். ஆனால் கைக்குப் பொருந்தும் வடிவம் எது என்று தெரியாத நிலையில் அச்சிடுவதைவிட, வெட்டியும் ஒட்டியும் திருத்துவதே விரைவு. தவிர, பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்ட உறையை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால், 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். பிடிகளின் மேல் எம்-சீலை மெல்லிதாகப் பூசி, இறுகுவதற்கு முன் கையுறையோடு இயல்பாகப் பிடித்து அழுத்தினால், விரல்கள் எங்கே பதிய விரும்புகின்றன என்பதை அவையே காட்டிவிடும். எந்த வரைபடத்திலும் இது கிடைக்காது. தாராளமாகப் பூசினால் எடை கூடிவிடும். கைப்பேசியே ஏறத்தாழ 200 கிராம் இருக்கும்போது, மணிக்கட்டு முதலில் உணர்வது எடையைத்தான். கைப்பேசியின் முதுகுப்பக்கத்தை மூடாமல் திறந்தே விட்டதால் எடையும் குறைந்தது, சூடும் வெளியேறியது. ஒலி பொத்தான்கள் விளிம்பில் அழுந்திக் கிடக்காதபடி அங்கே ஒரு பள்ளம் வெட்ட வேண்டும்.

திசைப் பொத்தானுக்கு நான்கு தனிப் பொத்தான்களை வைப்பதைவிட, நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வடிவமைத்த சிலுவை வடிவமே மேல். சிலுவையின் அடியில் நடுவே ஒரு சிறு குமிழ் வைத்தால், இடப்பக்கம் அழுந்தும்போது வலப்பக்கம் தானாக எழும்; எதிரெதிர்த் திசைகள் ஒரே நேரத்தில் அழுந்தவே முடியாது. சட்டைப் பொத்தான் அளவுள்ள பிளாஸ்டிக் துண்டு ஒன்று அந்தக் குமிழுக்குப் போதுமானதாக இருந்தது.

நிரலில், ஆண்ட்ராய்டு பொத்தான்களை எண்ணும் முறையை அறிந்துகொள்ளாமல் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் பொத்தான் ஏ, இரண்டாவது பி. மூன்றாவதை எக்ஸ் என்று நினைப்போம், ஆனால் ஆண்ட்ராய்டு அதைச் சி என்று கொள்கிறது. ஆகவே எக்ஸுக்கு 4, ஒய்க்கு 5, தோள்பட்டைக்கு 7, 8, செலக்டுக்கு 11, ஸ்டார்ட்டுக்கு 12 என்று எண் தர வேண்டும். வலது ஜாய்ஸ்டிக்கின் பக்கவாட்டு, மேல்-கீழ் அசைவுகளை இசட், ஆர்இசட் என்று பெயரிட்ட அச்சுகளாக அனுப்ப வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் பழைய விளையாட்டுகளைக் கைப்பேசியில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் போன்ற செயலிகளில் பொத்தான்களை உடனே பயன்படுத்தலாம். தொடுதிரைக்காக மட்டுமே எழுதப்பட்ட விளையாட்டுகளோ, எவ்வளவு நேர்த்தியாகச் செய்த உறையாக இருந்தாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.