துத்தநாகக் கழிவு வாங்கும்போது சதவீதம் மட்டும் போதாது

கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, பழைய தகட்டை எஃகு ஆலையின் மின்வில் உலையில் போட்டால் துத்தநாகம் தங்காது. 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் உலோகம் அது. ஆவியாகிப் புகைத்தூசியோடு போய்விடும். அந்தத் தூசியில் 20-30 சதவீதம் துத்தநாகம் இருப்பது சகஜம். பேரம் முழுக்க அந்த எண்ணைச் சுற்றியே நடக்கிறது. குளோரினும் ஃபுளோரினும் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. தூசியை வாங்கும் துத்தநாக ஆலையைப் படுத்துவது அவைதான்.

கடைசியில் எல்லாம் மின்பகுப்புத் தொட்டிக்குத்தான் வர வேண்டும். அங்கே கரைசலில் மின்சாரம் பாய, துத்தநாகம் அலுமினியக் கேத்தோடில் (எதிர்மின் தகட்டில்) படிகிறது. ஓரிரு நாளில் அதை உரித்தெடுப்பார்கள். உரிய வைப்பது அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். ஃபுளோரைடு அந்தப் படலத்தை அரித்துவிட்டால் துத்தநாகம் நேராக அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். நெம்பினால் தகட்டில் கீறல் விழும். அடுத்த தடவை கீறல் விழுந்த இடத்தில்தான் இன்னும் கெட்டியாக ஒட்டும். குளோரைடு ஈய ஆனோடை (நேர்மின் தகட்டை) அரிக்கும். அந்த ஈயம் படிவில் சேர்ந்தால் 99.995 சதவீதத் தரத்தை மறந்துவிடலாம்.

தொட்டிக்கு முன், தூசியைக் கோக்குடன் (சுட்ட நிலக்கரியுடன்) சேர்த்து, சுமார் 1200 டிகிரியில் வெல்ஸ் சுழல் உலையில் ஓட்டுகிறார்கள். இரும்பு கசடில் நின்றுவிடும். துத்தநாகம் ஆவியாகி, காற்றுப் பட்டு மறுபடி ஆக்சைடாகும். சிக்கல் என்னவென்றால் ஹாலைடுகளும் (குளோரைடு, ஃபுளோரைடு) கூடவே கிளம்பி வரும். சோடா சாம்பல் கரைசலில் கழுவினால் குளோரைடு பெரும்பகுதி போய்விடும், ஃபுளோரைடு அவ்வளவு லேசில் போகாது. அதனால் தாது வறுத்த பொடியோடு கொஞ்சமாகக் கலந்து ஊட்டுவதே பத்திரம்.

தாதுவிலிருந்து வரும் கரைசலும் சுத்தமில்லை. துத்தநாகத் தூள் போட்டால் செம்பும் காட்மியமும் கரைசலை விட்டு வண்டலாக இறங்கிவிடும். கோபால்ட்டுக்கு 75 டிகிரிக்கு மேல் சூடும், துளி ஆன்டிமனியோ ஆர்சனிக்கோ வேண்டும். உடனே வடிகட்டாமல் விட்டால் காட்மியம் திரும்பக் கரையும். ஜெர்மானியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தப்பினாலும் தொட்டியில் ஹைட்ரஜன் கிளம்பி, படிந்த துத்தநாகமே கரையும். டன்னுக்கு 3,000 யூனிட் மின்சாரத்துக்கு மேல் தின்னும் வேலை இது. படிந்தது கரைந்தாலும் மீட்டர் மட்டும் நிற்காது.

கழிவு கால்வனைசிங் தொட்டியின் சாம்பல் (உருகிய துத்தநாகத்தின் மேல் மிதக்கும் ஆக்சைடு) என்றால், அதை முதலில் சலித்து, உலோகக் கட்டிகளைத் தனியே உருக்குங்கள். நனைந்த சாம்பலை மூடிய அறையில் குவிக்காதீர்கள், ஹைட்ரஜன் சேரும். ஈரக் கட்டி எதுவும் உருகிய துத்தநாகத்துக்குள் போகவே கூடாது: நீர் நொடியில் ஆவியாகி, உலோகத்தை வெளியே வீசியடிக்கும்.