மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான விநாடிகள்

இடிமழைக் காலம் தொடங்கிவிட்டால், வெளியே கிளம்புவதற்கு முன் கைப்பேசியில் மின்னல் வரைபடத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் வீடுகளில் அமைத்திருக்கும் எளிய ஏற்பிகளைக் கொண்டு இயங்கும் பிளிட்ஸோர்ட்டுங் என்ற வலையமைப்பைத்தான் நான் பெரும்பாலும் நம்புகிறேன். ஒவ்வொரு மின்னலும் வெட்டும்போது வானொலி அலைகளையும் எழுப்புகிறது. பழைய மத்திய அலை வானொலிப் பெட்டியில் மழைக்கு முன் கேட்கும் கரகரப்புக்குக் காரணம் அதுதான். அந்த அலை வெவ்வேறு ஏற்பிகளை வந்தடையும் நேரங்களில் உள்ள மிக நுண்ணிய வேறுபாட்டைக் கணக்கிட்டால், மின்னல் எந்த இடத்தில் வெட்டியது என்பது சில விநாடிகளிலேயே வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்துவிடும்.

புள்ளிகள் எந்தத் திசையில் நகர்கின்றன, அடர்த்தி கூடுகிறதா குறைகிறதா என்பதை அரைமணி நேரம் கவனித்தாலே மழைமேகத்தின் போக்கு ஓரளவு பிடிபடும். ஆனால் வரைபடம் காட்டுவது விழுந்துவிட்ட மின்னலை மட்டுமே. நம் தலைக்கு மேல் புதிதாகத் திரண்டுவரும் மேகத்தின் முதல் மின்னலுக்கு முன்னறிவிப்பாக அதில் எந்தப் புள்ளியும் இருக்காது. மழை பெய்யும் இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால், வெயில் அடிக்கும் இடத்தில் மின்னல் இறங்குவதும் உண்டு. எனவே வரைபடத்தில் நம் ஊர் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு வெட்டவெளியில் நிற்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

வரைபடத்துக்கு அடுத்து நமக்கு இருப்பது காதுதான். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணிய விநாடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பது விநாடி என்றால் பத்து கிலோமீட்டர். அதற்குள் இடி கேட்டால் உடனே உள்ளே போய்விட வேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் விதி. இருபத்தொரு விநாடி எண்ணிவிட்டு, ஏழு கிலோமீட்டர்தானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று கருதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். அது முடிந்துபோன மின்னலின் தொலைவு. அடுத்தது அதே இடத்தில்தான் விழ வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மேகங்களுக்குள் மின்னல் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு, 2017 அக்டோபரில் அமெரிக்காவில் பதிவான 829 கிலோமீட்டர் நீள மின்னலே சான்று. ஆகவே, உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நான் எண்ணுவதில்லை. இடி காதில் விழுந்த உடனேயே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. உள்ளே அமர்ந்து, மேகம் நெருங்குகிறதா விலகுகிறதா என்று அறிவதற்கே எண்ணுகிறேன்.

மரத்தடியில் ஒதுங்குவதன் ஆபத்தை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அதன் காரணத்தை அறிந்தவர்கள் குறைவு. மின்னலால் பாதிக்கப்படுபவர்களில் நேரடியாகத் தாக்குண்டவர்கள் சிறு பகுதியினரே. மரத்தில் இறங்கிய மின்னல் அருகில் நிற்பவர் மீது பக்கவாட்டில் பாயலாம். வேரடியில் நிலத்தில் பரவும் மின்னோட்டம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கலாம். முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடைவெளி மிகுதியாக இருப்பதால்தான் மரத்தடியில் நிற்கும் மாடுகள் கூட்டமாக மடிகின்றன. சுவரில்லாத கொட்டகை மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. கட்டடம் எட்டாத தொலைவில் இருந்தால், உலோகக் கூரையுள்ள காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அமரலாம். அங்கே காப்பது ரப்பர் சக்கரங்கள் அல்ல. மின்னோட்டத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே நிலத்துக்குக் கடத்திவிடும் உலோகக் கூடுதான்.

வீட்டுக்குள் இருக்கும்போது குழாய் நீரிலும், சுவரில் செருகிய மின்கருவிகளிலும், கம்பிவழித் தொலைபேசியிலும் கைவைக்காமல் இருக்க வேண்டும். மின்னேற்றியில் இணைக்காத கைப்பேசியால் ஆபத்தில்லை.

மழை விட்டதும் வெளியே வரத் துடிக்கும் நேரத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிய வேண்டும். இடையில் இன்னொன்று கேட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலகிச் செல்லும் மேகத்தின் பின்புறத்திலிருந்தும் மின்னல் இறங்கும் என்பதால், தூறல் நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்று அஞ்சிப் பலர் தயங்கி நிற்பதுண்டு. அவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. மூச்சும் நாடித்துடிப்பும் இல்லையென்றால், அவசர உதவிக்கு ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் மார்பை அழுத்தி இதய இயக்க மீட்பைத் தொடங்கிவிட வேண்டும். இதயம் தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்கியும் மூச்சு திரும்பாமல் இருக்கக்கூடும் என்பதால், பயிற்சி பெற்றவர்கள் செயற்கைச் சுவாசமும் கொடுக்க வேண்டும்.