மச்சு பிச்சு படி வயல்: 1:20 மாதிரி, மூன்று முயற்சிகள்

பெரு நாட்டு மலையில் இன்காக்கள் கட்டிய மச்சு பிச்சு என்றதும் எல்லாருக்கும் கோயில் சுவர்கள்தான் ஞாபகம் வரும். அந்த ஊரை இன்றுவரை தாங்கி நிற்பதோ மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேலை. கடல்மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. மழை. 15-ஆம் நூற்றாண்டில் இன்கா பேரரசர் பச்சாகுத்தி காலத்தில் எழுந்த இந்த ஊரின் கட்டுமான உழைப்பில் சுமார் 60 விழுக்காடு நிலத்தடியில் போயிருக்கும் என்று கணித்தார், நீர்ப் பொறியாளர் கென்னத் ரைட். அதனால் இந்த மாதிரியில் கோயில் கிடையாது. மூன்று படி வயல் மட்டும்.

சுவர் 2 மீட்டர் என்று கொண்டால் 1:20 அளவில் 10 செ.மீ.; படியின் அகலம் 15 செ.மீ. தட்டுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட். ஒரு பக்கம் மட்டும் அக்ரிலிக். அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் தவறு பிடிபடும்.

முதல் முயற்சியில் வெறும் மண். பூவாளியில் 2 லிட்டர் ஊற்றியதும் அடிப்படியின் சுவர் நடுவில் வயிறு தள்ளிச் சரிந்தது. மண்ணின் பாரம் மட்டும் காரணமல்ல. சுவருக்குப் பின்னால் தேங்கிய நீரின் அழுத்தம்தான் தள்ளியது. கல் இடுக்குகளைப் பசையால் அடைத்ததும் தப்பு. பசை அடிவரிசைக்கு மட்டும் போதும். சுவர் உச்சி 5 மி.மீ. உள்நோக்கிச் சாய வேண்டும்; அசல் சுவர்களும் அப்படித்தான்.

இரண்டாவதில் கீழே ஜல்லி, மேலே நேராக மண். சுவர் நின்றது, நீர் கலங்கி வந்தது. அக்ரிலிக் வழியே பார்த்தால் ஜல்லிக்கு நடுவே பழுப்புக் கோடுகள் இறங்குகின்றன; மூன்றாம் தடவை ஊற்றியபோது மேல்மண் 6 மி.மீ. அமுங்கிவிட்டது.

இப்போதுள்ளது இன்காக்களின் வரிசை: அடியில் 12 மி.மீ. ஜல்லி 4 செ.மீ., நடுவில் பேபி ஜல்லி கலந்த மணல் 3.5 செ.மீ., மேலே வளமண் 2.5 செ.மீ. பூச்சு மணல் ஆகாது. அளவைச் சுருக்கலாம், நீரின் நுண்புழை இழுவையை (நுண்ணிய இடுக்குகளில் நீர் ஒட்டி நிற்பதை) சுருக்க முடியாது. மென்மணல் நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. 2 மி.மீ. சல்லடையில் சலித்து மேலே தங்கியதைப் போட்டதும் நீர் தெளிவாக இறங்கியது.

அடுத்து ஊற்றுநீர்க் கால்வாய். அசல் 749 மீட்டர். 1:20-இல் 37 மீட்டருக்கு மேல் போகும். ஆகவே முதல் நீர்த்தொட்டிக்கு வந்துசேரும் கடைசி 2 மீட்டர் துண்டு மட்டும்.