இல்லாத சுடரைக் காணும் சென்சார்

திருப்பூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர், எண்ணெயைச் சூடாக்கும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர், பாய்லர் ஆகியவற்றின் கேஸ் பர்னர்களைச் சோதிக்கச் செல்லும்போது, சுடர் எரிகிறதா என்று பார்த்துச் சொல்லும் சுடர் சென்சார் எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஆபரேட்டர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கழட்டிக் கையில மூடுனா ஒடனே ட்ரிப் ஆயிருதுங்ண்ணா, நல்லாத்தான் இருக்குதுங்க." அந்தச் சோதனை அவசியமானதுதான்; ஆனால் அது பாதிச் சோதனை. எரிகிற சுடரைச் சென்சார் காணத் தவறினால் இயந்திரம் நிற்கும், துணி கெடும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும். அணைந்துபோன சுடர் எரிவதாகச் சென்சார் சொன்னாலோ, கேஸ் வால்வு திறந்தபடியே இருக்கும். எரியாத வாயு அறைக்குள் நிரம்பும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும். ஆகவே இந்த இரண்டாவது பிழையைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

சென்சார் வகைகளில், சுடருக்குள் நீட்டியிருக்கும் உலோகக் கம்பியான ஃப்ளேம் ராடு இந்த விஷயத்தில் நம்பத்தக்கது. அதற்குக் கொடுக்கப்படும் ஏசி மின்னழுத்தத்தைச் சுடர் ஒரு திசையில் மட்டும் எளிதாகக் கடத்துவதால், சில மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு டிசி மின்னோட்டம் உண்டாகிறது. பர்னரை இயக்கி நிறுத்தும் கன்ட்ரோலர் அதை மட்டுமே சுடர் என்று ஏற்கிறது. ராடைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டு ராடு பர்னரின் பாடியில் ஷார்ட் ஆனாலும், யாராவது வயரைப் போட்டு இணைத்தாலும், அங்கே ஓடுவது ஏசி மின்னோட்டம் என்பதால் பர்னர் நின்றுவிடும். மீட்டரைத் தொடராக இணைத்து அந்த மின்னோட்டத்தை மாதந்தோறும் குறித்து வந்தால், ராடில் படிவு ஏறுவதும் பர்னர் எர்த்திங் கெடுவதும் ட்ரிப் ஆவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சுடரின் புற ஊதாக் கதிரைக் காணும் யூவி சென்சாரிடம் அந்த இயல்பு கிடையாது. அதன் வாயுக் குழாய் வயதாகும்போது, புற ஊதாக் கதிர் படாத நிலையிலும் தானாகவே மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கக்கூடும். அப்போது எதிரே இருட்டே இருந்தாலும் கன்ட்ரோலர் சுடர் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். பர்னர் புதிதாக ஸ்டார்ட் ஆகும்போது, பற்றவைக்கும் முன் காற்றை ஊதி மிச்ச வாயுவை வெளியேற்றும் ப்ரீபர்ஜ் நேரத்தில் சுடர் சிக்னல் வந்தால், கன்ட்ரோலர் பர்னரை ஓடவிடாமல் லாக்அவுட் செய்துவிடும் என்பதால், 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது நின்று எரியும் பர்னருக்குச் சாதாரண யூவி சென்சார் போதும். நம் ஊர் நிலைமை வேறு. ஷிப்மென்ட் நெருங்கினால் ஸ்டென்டர் இரவு பகலாக ஓடும். மாடுலேட்டிங் பர்னர் சுடரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்குமே தவிர, அணைவதே இல்லை. அப்படி ஓடும் இயந்திரத்துக்கு, தானே ஷட்டரை மூடித் திறந்து தன்னைச் சோதித்துக்கொள்ளும் வகைச் சென்சாரும் அதற்குரிய கன்ட்ரோலரும் வேண்டும். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. அதை வாங்க மனமில்லாத முதலாளி, தினமும் ஒருமுறை பர்னரை நிறுத்தி எடுப்பதற்காவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சோதனையை அநேகமாக எவரும் செய்வதில்லை. பைலட் (பற்றவைக்கும் சிறு சுடர்), மெயின் (முதன்மைச் சுடர்) இரண்டின் கை வால்வுகளையும் மூடிவிட்டு ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ப்ரீபர்ஜ் முடிந்து இக்னிஷன் தீப்பொறி வரும் அந்தச் சில விநாடிகளில், கன்ட்ரோலரின் சுடர் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விளக்கு எரியாமல் லாக்அவுட் ஆனால் சரி. ஒரு மினுக்கு மினுக்கினால்கூட, சென்சார் தீப்பொறியைச் சுடர் என்று எடுத்துக்கொள்கிறது என்று பொருள். பைலட் பற்றாமலேயே மெயின் வால்வு திறக்க அது போதும். சென்சாரின் பார்வைக் கோணத்தையோ தீப்பொறி தரும் எலெக்ட்ரோடின் இடத்தையோ மாற்றிய பிறகு, இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சுடர் அணைந்த பின் வால்வு மூட எவ்வளவு நேரமாகிறது என்பதைக் குளிர்ந்த பர்னரில் அளந்து பயனில்லை. பல மணி நேரம் முழு வேகத்தில் எரிந்து, உள்ளே செங்கல் தகதகக்கும்போது அளக்க வேண்டும். ஏனெனில், சூடான செங்கல்லின் ஒளியைச் சில சென்சார்கள், குறிப்பாக அகச்சிவப்பு வகை, சுடராக எடுத்துக்கொள்ளும். ஒருவர் கை வால்வை மூட, மற்றொருவர் பார்வைக் கண்ணாடியில் சுடர் அணையும் நொடியிலிருந்து கணக்கிட வேண்டும்; குழாயில் மிச்சமிருக்கும் வாயு எரியும் நேரத்தைச் சேர்க்கக் கூடாது. தொழிற்சாலை உலைகளுக்கான அமெரிக்க என்எஃப்பிஏ 86 விதி, சுடர் அணைந்ததிலிருந்து வால்வுக்கான மின்சாரம் துண்டிக்கப்படும் வரை அதிகபட்சம் 4 விநாடி தருகிறது.

பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனியன் துணி ஓடும் கூடத்தில் பறக்கும் பஞ்சு, ப்ளோயர் வழியே போய்ப் பார்வைக் குழாயில் படியும். அதைத் துடைக்கும்போது கண்ணாடி உடைந்துவிட்டால், கடையில் வெட்டிய சாதாரணக் கண்ணாடியைப் பொருத்திவிடுகிறார்கள். அது புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். குவார்ட்ஸ்தான் போட வேண்டும். இப்படிச் சிக்னல் குறைந்து அடிக்கடி ட்ரிப் ஆவதில்தான், சென்சாரை பைபாஸ் செய்து ஓட்டும் எண்ணமே பிறக்கிறது. அதை எந்த அவசரத்துக்கும் அனுமதிக்கக் கூடாது.

கடைசியாக, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு. சென்சார் சரியாகச் சொல்லியும் வால்வின் சீட்டில் தூசி சிக்கியிருந்தால் வாயு கசியும். வால்வு மூடிய நிலையில், அதற்கு அடுத்துள்ள டெஸ்ட் பாயின்ட்டில் ட்யூப் மாட்டித் தண்ணீரில் நுனியை முக்கி, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் அளவைத் தாண்டிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே சோதனைத் தாளில் கையெழுத்திடுகிறேன்.