நிறமில்லாத தாளில் ரெட், யெல்லோ, ரூபி: போக்கிமான் மங்காவை மையில் வரைந்து பார்த்த அனுபவம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில்தான் தொடங்கினேன். பதினாறு கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டில், கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியின் திரையில் ஊர் சுற்றும் சிறுவனுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். அந்தத் திரையில் நிறமே கிடையாது, நான்கு சாயல்கள் மட்டும். பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போனால், பாதி உயரத்துக்கு மேல் தலைக்கே போய்விடுகிறது. வாய்க்கு இடமில்லை. தொப்பி இருக்கும்வரை அவன் விளையாட்டின் நாயகன் ரெட். தொப்பிக் கட்டங்களை அழித்துப் பார்த்தேன். எவனோ ஒரு பையன் நின்றான்.

அந்த விளையாட்டிலிருந்து 1997-இல் ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் தொடராக வரத் தொடங்கிய மங்காதான், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைதான், என் பல வருடத்துப் பிரியம். ஆங்கிலத்தில் ‘போக்கிமான் அட்வென்ச்சர்ஸ்’. கதை ஹிதெனோரி குசாகா. முதல் ஒன்பது தொகுதிகளுக்கு மாதோவும், பத்தாவதிலிருந்து சதோஷி யமமோட்டோவும் படம் வரைந்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த உருவங்கள் ஏன் இவ்வளவு ஆழமாக மனத்தில் நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. கை வழியாகத்தான் தெரியும். மங்கா வரைபவர்கள் ஜி-பென் என்று சொல்லும் உலோக முள், ஒரு புட்டி இந்தியன் இங்க், வழவழப்பான கெட்டித் தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் முழுவதும் ரெட். மாதோவின் கோடு உருண்டையானது. பெரிய தலை, கன்னத்தில் ஒரே வளைவு, கண்ணின் மேலிமைக்கு மட்டும் தடித்த கோடு. கோடுகள் குறைவு என்பதால் எளிது என்று நினைத்துத்தான் அவருடைய பக்கங்களிலிருந்து ஆரம்பித்தேன். அது தவறான கணக்கு. யமமோட்டோவின் படத்தில் ஒரு கோடு பிசகினால் பக்கத்தில் இருக்கும் பத்துக் கோடுகள் அதைத் தாங்கிக்கொள்ளும். மாதோவின் கன்னக் கோடு ஒரு மயிரிழை உள்ளே போனால் ரெட்டுக்கு இரண்டு வயது கூடிவிடுகிறது.

முள்ளின் குணத்தையும் இங்கேதான் கற்றேன். நம் பக்கமாக இழுத்தால் நுனி இரண்டாக விரிந்து கோடு தடிக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் தாளைக் குத்தி மை தெறிக்கும். தொப்பியின் முன்விளிம்பை ஒரே வீச்சில் போட வேண்டுமானால் கையைத் திருப்பக் கூடாது, தாளைத்தான் திருப்ப வேண்டும். இது பிடிபட ஐந்து இரவுகள் ஆயின.

ஆறாவது இரவில் ஒன்று உறைத்தது. இந்தக் கதையில் வருகிறவர்களுக்கெல்லாம் நிறத்தின் பெயர்: ரெட், கிரீன், புளூ, யெல்லோ, பிறகு கோல்ட், சில்வர். விளையாட்டுப் பதிப்புகளின் பெயர்களே அவர்களுக்கும் வைக்கப்பட்டன. ஆனால் அச்சாகும் பக்கமோ கறுப்பு வெள்ளை. சிவப்பு என்று பெயர் வைத்துவிட்டுச் சிவப்பைக் காட்ட வழியில்லை. கேம் பாய் திரைக்கு இருந்த அதே கட்டுப்பாடு தாளுக்கும் இருக்கிறது. ஆகவே பெயர் தர முடியாத அடையாளத்தை வடிவம் தர வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு புத்தகத்தைப் புரட்டும்போது என் கண் தலைகளை மட்டுமே தேடியது.

யெல்லோவுக்கு வருகிறேன். மங்காவிற்காகவே உருவான பாத்திரம் இவர். முதல் விளையாட்டுகளில் இவர் இல்லை. ரெட் காணாமல்போய், அவருடைய பிக்காச்சு மட்டும் அடிபட்டுத் திரும்பி வரும் இடத்தில் கதைக்குள் நுழைகிறார். அகலமான வைக்கோல் தொப்பி, தோளில் தூண்டில், போக்கிமான்களின் மனத்தைப் படிக்கும் கை. அந்தக் கையால் காயத்தையும் ஆற்றுவார். ஆற்றிய களைப்பில் தூங்கிவிடுவார். நேரம் கிடைத்தால் படம் வரைபவர் என்பதால் எனக்குத் தனி ஒட்டுதல்.

அந்தத் தொப்பியை மட்டும் பதினான்கு முறை வரைந்தேன். முதல் முயற்சியில் வைக்கோல் பின்னலை விடாமல் போட்டேன். முறத்தைக் கவிழ்த்து வைத்தது போல வந்தது, அடியில் முகம் மூச்சுவிட முடியாமல் கிடந்தது. மறுபடி புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். மாதோ போட்டிருந்தது விளிம்பை ஒட்டிச் சில சிறு கோடுகள் மட்டுமே. மீதி வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளையை வைக்கோல் என்றும் மஞ்சள் என்றும் நம்பிக்கொண்டிருந்தது என் கண்தான். பதினோராவது முறையில் நானும் விளிம்பில் ஏழு கோடுகளோடு நிறுத்தினேன். தொப்பி இலேசானது. தலையில் உட்கார்ந்தது.

யெல்லோவின் கதையை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். அத்தனை அத்தியாயங்களில் அந்தத் தொப்பி கழற்றப்படாததற்குக் காரணம் இருக்கிறது. பையன் என்று எல்லோரும் நினைத்த யெல்லோ ஒரு பெண். நீண்ட குதிரைவால் கூந்தல் முழுவதும் அந்த வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தது. இது தெரிந்த பிறகு முதல் பக்கத்திலிருந்து பார்த்தால், தொப்பியின் உச்சி ஏன் அவ்வளவு உயரம் என்பது புரிகிறது. உள்ளே கூந்தலைச் சுருட்டி வைக்க அவ்வளவு இடம் வேண்டும். நான் வரைந்த முதல் பத்துத் தொப்பிகளும் தட்டையாக இருந்தன; அவற்றுக்குள் ஒரு பிடி முடியைக்கூட வைக்க முடியாது. கூந்தலைப் பென்சிலில் வரைந்துவிட்டு அதன் மேல் தொப்பியை வரைந்தேன். பதினான்காவது அப்படித்தான் சரியாக வந்தது.

தொப்பியைக் கொடுத்து அவரை வேடம் மாற்றி அனுப்பியவரும் இன்னொரு பெண். ஆங்கிலப் பதிப்பில் அவர் பெயர் கிரீன், ஜப்பானிய மூலத்தில் புளூ. ஜப்பானில் முதலில் வந்த விளையாட்டுப் பதிப்புகள் சிவப்பும் பச்சையும், வெளிநாடுகளுக்குப் போனவை சிவப்பும் நீலமும் என்பதால் இவருக்கும் ரெட்டின் போட்டியாளனுக்கும் பெயர்கள் இடம் மாறிவிட்டன. விளையாட்டின் ஓவியர் கென் சுகிமோரி முதல் விளையாட்டுகளுக்காக வரைந்த ஓவியங்களில் தோன்றியும் விளையாட்டுக்குள் இடம்பெறாத ஒரு பெண்ணிடமிருந்து வந்த உருவம் இது. இவருக்குத் தொப்பி இல்லை. நீண்ட கூந்தலும், அடுத்தவரை ஏமாற்றத் தயாராகும் ஒரு புன்னகையும்தான். அந்தப் புன்னகை எனக்கு இன்னும் வசப்படவில்லை. உதட்டோரக் கோடு நீண்டால் வில்லியாகிறார், குறைந்தால் பரம சாதுவாகிறார். மூன்று தாள்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கோல்ட் இரண்டே இரவில் முடிந்தார். தொப்பி மேல் கண்ணாடி, கையில் பில்லியர்ட்ஸ் கோல். வேறு எதுவும் வேண்டாம்.

நான்காவது வாரத்தில் அக்கா மகள் வந்திருந்தாள், ஒன்பது வயது. முழுக் கறுப்பு மை நிரப்பிய நிழலுருவங்களை வரிசையாகப் பரப்பி, “யார் யார் என்று சொல்” என்றேன். ரெட், யெல்லோ, கோல்ட் மூவரையும் உடனே சொன்னாள். பிறகு வந்த கதையின் நாயகன் ரூபியின் நிழலில் தயங்கினாள். கோட்டுப்படத்தைக் காட்டியதும், “மாமா, இந்த அண்ணாவுக்கு ஏன் தாத்தா மாதிரி வெள்ளை முடி?” என்றாள்.

அவள் மட்டுமில்லை, 2002-இல் ரூபி, சஃபையர் விளையாட்டுகள் வந்தபோது ஏராளமானோர் அப்படித்தான் நினைத்தார்கள். அது முடியில்லை, தலையை ஒட்டி இறங்கும் வெள்ளைத் தொப்பி. விளையாட்டில் அது வெறும் குழப்பமாகவே இருந்தது. மங்காவில் குசாகாவும் யமமோட்டோவும் அதற்குள் ஒரு கதையை வைத்தார்கள். சிறு வயதில் சஃபையர் என்ற சிறுமியைக் காப்பாற்றப் போய் சாலமென்ஸ் என்னும் போக்கிமானிடம் ரூபி காயம்பட்டான். அந்த வடுவை மறைப்பது அந்தத் தொப்பி. தையலும் அலங்காரமும் உயிர் என்றிருக்கும் பையன், அழகுதான் முக்கியம் என்று வாய் ஓயாமல் சொல்கிறவன், தலையை மட்டும் ஒருபோதும் காட்டுவதில்லை. தொப்பி முடி போலத் தெரிவது இனி குறையாகவே எனக்குப் படவில்லை. மறைக்கிறான் என்பதையே மறைக்கிற தொப்பி அது. இந்த மங்காவின் மிகச் சிறந்த உருவம் எது என்று கேட்டால், யெல்லோவின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், ரூபியைத்தான் சொல்வேன்.

அக்கா மகளுக்கு வடுவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் வடுவை வரையாதீர்கள் மாமா” என்றாள்.

நேற்று இரவு ரூபி முடிந்தது. யெல்லோவிடம் கற்ற முறையிலேயே, முதலில் பென்சிலில் வெறுந்தலையை வரைந்து வடுவையும் போட்டேன். அதன் மேல் தொப்பியின் விளிம்பை மையால் ஒரே வீச்சில் இழுத்தேன். மை நன்றாகக் காய அரைமணி நேரம் விட்டு, ரப்பரால் பென்சில் கோடுகளை அழித்தேன். வடு இருந்த இடத்தில் முன்பு கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளைத் தொப்பியில் மெல்லிய பள்ளம் தெரிகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்தது அதே மங்காவின் கிரிஸ்டல் என்ற பெண், காதில் நட்சத்திரத் தோடோடு.