துக்கம் என்கிற ஃபோல்டர்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், என் கம்ப்யூட்டரைத் திறந்தால் இரண்டு ஃபோல்டர்கள்தான் முதலில் கண்ணில் படும். ஒன்று ‘கல்யாணம்’, இன்னொன்று ‘துக்கம்’. கல்யாணத்துக்கு சீசன் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் (தவக்காலம்) வந்துவிட்டால் ஒரு பத்திரிகைகூட வராது. துக்கத்துக்கு அப்படியெல்லாம் லீவு கிடையாது.

துக்கத்துக்குள் இன்னும் மூன்று வைத்திருந்தேன்: பெரியவர், நடுவயது, பிள்ளைகள். ஒவ்வொன்றிலும் வேதவசனங்கள் டைப் அடித்துத் தயாராக இருக்கும். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் வேலை அப்படி. ராத்திரி எட்டு மணிக்கு ஆள் வருவார். விடிவதற்குள் போஸ்டர் சுவரில் ஏற வேண்டும், மறுநாள் சாயங்காலம் அடக்க ஆராதனை. அந்த நேரத்தில் யாரும் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். “நல்ல வசனமா நீங்களே ஒண்ணு போட்டுருங்க அண்ணாச்சி” என்பார்கள்.

நான் கேட்கிற முதல் கேள்வி “சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தேயா?” என்பதுதான். முதலாவது தென்னிந்தியத் திருச்சபை, அடுத்தது ரோமன் கத்தோலிக்கம். அதில் தப்பினால் வம்பு. சி.எஸ்.ஐ. என்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. ஆர்.சி. என்றால் ‘இறைவனில் இளைப்பாறினார்’. பெந்தெகொஸ்தேகாரர்களில் சிலர் ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’ என்று கேட்பார்கள். வசனமும் மாறும். பழைய மொழிபெயர்ப்பில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’. அங்கே சங்கீதம் 23, இங்கே திருப்பாடல்கள் 23. அர்த்தம் ஒன்றுதான். ஆனால் துக்க வீட்டில் யாரும் அர்த்தத்தைத் தேடுவதில்லை, சின்ன வயதில் காதில் விழுந்த சத்தத்தைத்தான் தேடுகிறார்கள். ஒரு ஆர்.சி. பாட்டிக்கு ‘தாழ்ச்சியடையேன்’ என்று போட்டுக் கொடுத்தால், அது பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் மாதிரி இருக்கும்.

பெரியவருக்கு ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்’. நடுவயதுக்கு, பிள்ளைகள் உட்பட எல்லாவற்றையும் இழந்த யோபு வேதாகமத்தில் சொன்னது: ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.’ மூன்றாவது ஃபோல்டரில் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. ‘சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்.’ அதைத் திறக்க வேண்டி வந்த நாட்களில் மத்தியானம் சாப்பாடு இறங்காது. மற்றதெல்லாம் பழகிவிட்டது. டீ குடித்துக்கொண்டே கறுப்பு பார்டர் போடுவேன்.

2009இல் என் அண்ணன் பைக் விபத்தில் போனான். முப்பத்தி நாலு வயது. போஸ்டரை நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை, எனக்கும் கை சும்மா இருக்க முடியவில்லை. நடுவயது ஃபோல்டரைத் திறந்தேன், வசனத்தை எடுத்து ஒட்டினேன், போட்டோவின் பின்னணியை வெட்டினேன். கை தன்பாட்டுக்குச் செய்தது. ‘கர்த்தர் எடுத்தார்’ என்ற வரி என் அண்ணன் முகத்துக்கு மேலே வந்தபோது மட்டும், எத்தனை பேருக்கு இதை இப்படி ஒட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கர்த்தருடைய சித்தம். அவர் தப்பு செய்ய மாட்டார். ஒரு தூரத்து மாமா, “அவனுக்கு அங்க ஒரு வேலை இருந்திருக்கும்” என்றார். இங்கே அவனுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தன, நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், ‘கர்த்தர் எடுத்தார்’ என்று சொல்ல யோபுவுக்கு உரிமை உண்டு. செத்தது அவன் பிள்ளைகள். அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதை யாரும் போஸ்டரில் போடச் சொன்னதில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒத்தாசையாக இருந்தவர் எங்கள் மிஷின்மேன். நெல்லையப்பர் கோயில் பக்கத்து ஆள், நெற்றியில் திருநீறு இல்லாமல் பார்க்க முடியாது. சாயங்காலம் மிஷினைத் துடைத்துவிட்டு, கையில் மை வாசத்தோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். ஒன்றும் பேச மாட்டார். ஒன்பது மணிக்கு எழுந்து, “வாரேன் அண்ணாச்சி” என்று போய்விடுவார். ஒரு வாரம் அப்படி வந்தார். யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களும் முதலில் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

அண்ணனின் அடக்க ஆராதனையில் கொயரில் பேஸ் (கீழ்க்குரல்) பாடுகிற ஒரு பெரியவர் ‘சத்தாய் நிஷ்களமாய்’ எடுத்துக் கொடுத்தார். எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை எழுதியது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான, இதே திருநெல்வேலிச் சீமைக்காரர். ‘உன்னையல்லால் எனக்கு ஆர்துணை யாருறவே’ என்று ஒவ்வொரு சரணமும் முடியும்போது அந்தப் பெரியவர் குரல் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. மிஷின்மேன் பின்னால் நின்று கேட்டுவிட்டு, “பொன்னார் மேனியனே மாதிரி இருக்கே அண்ணாச்சி” என்றார். ஆமாம், சுந்தரரும் ‘அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே’ என்றுதான் முடிக்கிறார். அழுகைக்கு ஒரே சந்தம்தான் போலிருக்கிறது. அந்தப் பாட்டில் எனக்குப் பதில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அது ‘சித்தம்’ என்று சொல்லாமல், யார் துணை என்று கேட்டது. அந்தக் கேள்வி என்னிடமும் இருந்தது.

ஆறு வாரம் கழித்து அந்தப் பெரியவரே போய்விட்டார். அவர் வீட்டம்மா ரிட்டயர்டு டீச்சர். நினைவு ஆராதனைக்கு அட்டை கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். போட்டோ, பெயர், தேதி, கீழே சங்கீதம் 116:15. ‘கர்த்தருடைய பரிசுத்தவான்களின் மரணம் அவர் பார்வைக்கு அருமையானது’ என்கிற வசனம். அட்டை சின்னது, அதனால் நம்பர் மட்டும் போதும் என்றிருந்தார். நான் அப்போது வேலைக்கு வந்துகொண்டிருந்தேனே தவிர, தலை அங்கே இல்லை. 115:16 என்று அடித்துவிட்டேன். புரூஃபும் நானே பார்த்து நானே விட்டேன். முந்நூறு அட்டை.

கோயிலில் யாருக்கும் தெரியவில்லை. யார் நம்பரைப் பார்த்து வேதாகமத்தைத் திறக்கப் போகிறார்கள்? ஒரு வாரம் கழித்து டீச்சர் குடையோடு கடை வாசலில் நின்றார். கையில் ஜிப் வைத்த உறைக்குள் வேதாகமம், அதற்குள் என் அட்டை.

“116:15ன்னுதான எழுதிக் குடுத்தேன்?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. “திரும்ப அடிச்சுத் தந்துருதேன் டீச்சர். காசு ஒண்ணும் வேண்டாம்.”

“உக்காரு” என்றார். வகுப்பில் சொல்கிற மாதிரி. உட்கார்ந்தேன். வேதாகமத்தைத் திறந்து என் கீபோர்டு மேலேயே வைத்தார். 115:16இல் வானங்கள் கர்த்தருடையவை, பூமியை மனுஷருக்குக் கொடுத்தார் என்று இருந்தது. அவர் விரல் அதில் நிற்கவில்லை, அடுத்த வசனத்துக்கு இறங்கியது. ‘மரித்தவர்களும் மவுனத்தில் இறங்குகிற அனைவரும் கர்த்தரைத் துதியார்கள்.’

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாற்பது வருஷம் கொயரில் பாடிய மனுஷனின் அட்டையில் கொண்டுபோய் இதற்குப் பக்கத்து நம்பரையா போட்டு வைத்தோம்!

டீச்சர் கோபப்படவில்லை. “வாறவங்க எல்லாம், அவரு அங்க தூதர்களோட பாடிக்கிட்டு இருப்பாருங்காங்க. இருக்கட்டும், நானும் நம்புதேன். ஆனா எனக்கு வீட்ல சத்தமில்லையே. காலைல ஷேவ் பண்ணும்போது முனங்குவாரு, அதுகூட இல்ல. யாரும் அதைச் சொல்ல மாட்டேங்காங்க. உன் தப்பு நம்பரு ஒண்ணுதான் அதை ஒத்துக்கிட்டுது.”

பதினெட்டாம் வசனம் ‘நாமோ’ என்று தொடங்குகிறது. நான் அதை வாய்க்குள் படித்ததைப் பார்த்துவிட்டு, “அதுக்கு நான் இன்னும் வரல” என்று வேதாகமத்தை மூடினார். அட்டையைத் திரும்ப அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரிதான், அண்ணன் போன பிறகு முதல் தடவையாக, வேலைக்கு இல்லாமல் வேதாகமத்தைத் திறந்தேன். அத்தனை வருஷம் வசனங்களைத் தனித்தனியாகப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்ததால், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்றே பார்த்திருக்கவில்லை. சங்கீதம் 88 இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரி ஒட்ட வைக்கவில்லை. செத்துப்போன லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப் போகிற இயேசு, அது தெரிந்தும், கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார், துக்கிக்கவே வேண்டாம் என்று இல்லை. எங்கள் மாமா அந்த வசனத்தில் பாதியைத்தான் வாசித்திருப்பார் என்று நினைக்கிறேன். ‘நித்திரையடைந்தார்’ என்பதை நான் ஆயிரம் தடவையாவது அடித்திருப்பேன், வெறும் சம்பிரதாயமாக. ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்கிற செமட்ரி என்ற வார்த்தைக்கே கிரேக்கத்தில் தூங்குகிற இடம் என்றுதான் பொருளாம். என் அண்ணன் தூங்கினால் எழுப்புவது கஷ்டம். அம்மா மூன்று தடவை கூப்பிட வேண்டும். இது ஞாபகம் வந்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரை நான் அவ்வளவாகத் திறக்கவில்லை. வருகிறவர்களிடம், “வீட்ல அவங்க என்ன வசனம் சொல்வாங்க?” என்று கேட்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் கூடுதலாகும், முதலாளி முணுமுணுப்பார். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஆட்கள் முதன்முதலாக அழுவார்கள், அல்லது சிரிப்பார்கள். ஒருவர் தன் அப்பா சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபத்தையே போடச் சொன்னார். 2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில், கடை அடைத்திருந்தபோது, வளைகுடாவிலிருந்து ஒரு பெண் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். அவள் அம்மா எப்போதோ பேரப்பிள்ளைக்கு 23ஆம் சங்கீதம் சொல்லிக் கொடுத்தது. நடுவில் ஒரு வரியை அந்த அம்மா விட்டுவிட்டு, அடுத்ததுக்குப் போயிருந்தார். “அம்மா சொன்ன மாதிரியே போடுங்க, விட்ட வரியச் சேர்க்காதீங்க” என்றாள். அப்படியே போட்டேன். அவளால் ஊருக்கு வர முடியவில்லை, அந்த அட்டைதான் அவளுக்கு அடக்கம்.

டீச்சர் மறுவருஷம் வந்ததைச் சொல்லவில்லையே. முதலாம் ஆண்டு நினைவு அட்டை. இந்தத் தடவை துண்டுச் சீட்டு இல்லை, நேரே வந்தார்.

“115, பதினேழும் பதினெட்டும். ரெண்டையும் முழுசாப் போடு. நம்பர் மட்டும் போடாத, உன்னை நம்ப முடியாது.”

மரித்தவர்கள் துதியார்கள் என்று நினைவு அட்டையில் போடலாமா, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அந்தம்மாவிடமே கேளுங்கள் என்றேன். கேட்கவில்லை.

புரூஃபை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நானே போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ‘மரித்தவர்களும்’ சரி. ‘மவுனத்தில்’ சரி. ‘நாமோ இதுமுதல் என்றென்றைக்கும் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம்’ என்ற இடத்தில் பேனா நின்றது. ‘நாமோ’வுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு புள்ளியை வைத்து வாலை இழுத்தார்.

“இங்க ஒரு கமா விட்டுட்ட” என்றார். “மூச்சு விடணும்லா?”