மூன்று டெசிபல்

ஒலிக்கருவி விற்கும் இடத்தில் டெமோ அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புது ஸ்பீக்கர் வருவதற்கு முன்பே அதன் பிரசுரம் வந்துவிடும். பாடகர் எதிரே வந்து நிற்பாராம். இசைக்கும் நமக்கும் நடுவே இருந்த திரை விலகுமாம். ஆண்டுதோறும் திரை விலகிக்கொண்டேதான் இருந்தது. அப்படியானால் போன ஆண்டு விலகியது எது என்று யாரும் கேட்டதில்லை.

முதல் இரண்டு வருடம் நானும் அதையேதான் ஒப்பித்தேன். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. என் காதிலும் அப்படித்தான் விழுந்தது. விலை குறைந்த ஜோடி, விலை கூடிய ஜோடி என்று மாற்றி மாற்றிப் போடுவோம். வால்யூம் திருகைத் தொடமாட்டேன். அதுதான் நேர்மை என்று நினைப்பு.

வேலையில்லாத ஒரு மதியம் விவரச் சீட்டுகளைப் புரட்டினேன். மலிவானதன் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற கணக்கு, 87 டெசிபல், மற்றது 90. அந்த 3 டெசிபலை ஈடுகட்ட மலிவானதற்கு இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். திருகைத் தொடாததாலேயே விலை கூடியது சற்று உரக்கப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது! ஒலி கொஞ்சம் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது. தெளிவு, ஆழம் என்றுதான் சொல்லும்.

கடை சாத்திய பிறகு டெசிபல் மீட்டர் வைத்து இரண்டையும் சமமாக்கினேன். முன்னால் மெல்லிய துணி. மாற்றிப் போட்டது சக ஊழியர். நான் பெரும்பாலும் கைகாட்டியது மலிவான ஜோடியை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டால் தீர்ப்பு மாறும் என்று ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருப்பது பிறகுதான் தெரிந்தது.

எல்லா ஸ்பீக்கரும் ஒன்று என்று சொல்லவில்லை. வயரை மாற்றுவதைவிட ஸ்பீக்கரை மாற்றினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் பிரசுரம் பேசுவது வேறு. '40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மனிதக் காதுக்கு 20,000 தான் எல்லை. வயது ஏற ஏற அதுவும் குறையும். அந்த 40,000 வரை போகும்போது ஒலி அளவு எத்தனை டெசிபல் ஏறி இறங்கும் என்பது மட்டும் இருக்காது. அது இல்லாத எண்ணை வைத்து என்ன செய்வது? அறையைப் பற்றியும் ஒரு வரி இராது. மூலையில் ஒட்டிவைத்தால் எந்த ஸ்பீக்கரிலும் பேஸ் கும்மென்று வீங்கிவிடும்.

இப்போதெல்லாம் மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் டெமோவைத் தொடங்குகிறேன். பிரசுரத்தை, வாடிக்கையாளர் கிளம்பும்போது கொடுக்கிறேன்.